பதின்வயதுப் பிள்ளை தன் வைத்தியத்தைத் தானே கவனிக்கப் பழக்குவது எப்படி?

“என்ன பண்ணுது?” என்று மருத்துவர் பிள்ளையைப் பார்த்துத்தான் கேட்கிறார். பதில் அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வருகிறது. எத்தனை நாளாக இருமல், போன முறை கொடுத்த மருந்து கேட்டதா, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் பெற்றோருக்குத்தான் மனப்பாடம். 5 வயதில் இதுதான் முறை. 15 வயதிலும் இப்படியே நடந்தால், நாளை படிப்புக்கோ வேலைக்கோ வேறு ஊருக்குப் போய் மருத்துவர் முன்னால் தனியாக உட்காரும்போது, தனக்கு என்ன நோய் என்று சொல்லத் தெரியாமல் அந்தப் பிள்ளை விழிக்கும்.

இதை வீட்டிலிருந்தே எப்படிப் பழக்குவது என்று படிப்படியாகப் பார்க்கலாம். ஆஸ்துமா, சர்க்கரை நோய், வலிப்பு, தைராய்டு, பிறவி இதயக் குறைபாடு என நீண்டகாலச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கு இது கட்டாயம் வேண்டும். நோய் எதுவும் இல்லாத பிள்ளைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். காய்ச்சலும் பல்வலியும் எல்லோருக்கும்தான் வருகிறது.

எப்போது ஆரம்பிப்பது

12, 13 வயதில். பல பெற்றோருக்கு இது சீக்கிரம் என்று தோன்றும். ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, மற்ற இரு மருத்துவர் அமைப்புகளோடு சேர்ந்து 2011-ல் வெளியிட்டு 2018-ல் புதுப்பித்த வழிகாட்டுதல், 12 வயதில் இந்தப் பேச்சைத் தொடங்கி, 14-ல் திட்டம் போட்டு, 18 வாக்கில் பெரியவர்களுக்கான சிகிச்சை முறைக்கு வரச் சொல்கிறது. பிரிட்டனில் சிகிச்சை முறைகளுக்கு நெறிகள் வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 13, 14 வயதைத் தாண்டித் தள்ளிப்போட வேண்டாம் என்கிறது.

இவ்வளவு முன்கூட்டியே தொடங்கக் காரணம் இருக்கிறது. பருவமடையும் வயதில் உடல் ஒரு பக்கம் மாறுகிறது. டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு அந்த வயது ஹார்மோன்களால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. நேற்றுவரை போதுமாக இருந்த அளவு இன்று போதாது. இன்னொரு பக்கம், நண்பர்கள் முன்னால் ஊசியோ இன்ஹேலரோ எடுக்கக் கூச்சம். திட்டமிடும் வேலையைச் செய்கிற மூளையின் முன்பகுதியோ 20-களின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டேதான் இருக்கும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களில், அது செயலிழக்கும் ஆபத்து அதிகமாக இருப்பது பதின்பருவத்தின் இறுதியிலும் 20-களின் தொடக்கத்திலும்தான். மருந்து விட்டுப்போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே, “வயசாயிடுச்சு, இனிமேல் நீயே பார்த்துக்கோ” என்று ஒரே நாளில் கையைக் கழுவுவது மிகவும் ஆபத்தானது.

ஒவ்வொரு வேலையையும் மூன்று கட்டமாகக் கைமாற்றுங்கள். முதலில் நீங்கள் செய்யப் பிள்ளை பார்க்கட்டும். அப்புறம் இருவரும் சேர்ந்து செய்யுங்கள். கடைசியில் பிள்ளை செய்ய, நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். எல்லா வேலையையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டியதில்லை. மாத்திரை எடுப்பதில் மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்ட பிள்ளை, அப்பாயின்ட்மென்ட் வாங்குவதில் முதல் கட்டத்திலேயே இருக்கலாம்.

முதலில், தன் உடம்பின் கதை

பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உனக்கு என்ன பிரச்சினைன்னு புதுசா வர்ற ஒரு டாக்டர் கேட்டா என்ன சொல்லுவே?” வரும் பதிலைத் திருத்தாமல் கடைசிவரை கேளுங்கள். “ஹார்ட்ல ஏதோ ஆபரேஷன் பண்ணாங்க” என்பதைத் தாண்டிப் பதில் வராத பிள்ளைகள் நிறைய. கைக்குழந்தையாக இருந்தபோது அறுவை சிகிச்சை நடந்திருக்கும், பெற்றோரும் “அதெல்லாம் சரியாயிடுச்சு” என்று சொல்லியே வளர்த்திருப்பார்கள். இதயம் விஷயத்தில் இந்த வார்த்தை கெடுதல் செய்யும். ஃபேலட் நால்வகைக் குறைபாடு என்ற பிறவிக் கோளாறைச் சிறுவயதிலேயே சரிசெய்த பலருக்கு, நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயின் வால்வு பின்னாளில் கசியலாம். எந்தத் தொந்தரவும் தெரியாமலே இதயத்தின் வலது கீழறை வருடக்கணக்கில் விரிந்துகொண்டே போகும். அதைப் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும். ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று அந்தப் பிள்ளை 20 வயதில் செக்-அப் போவதை நிறுத்தினால், வால்வை மாற்ற வேண்டிய சரியான நேரம் கடந்துபோகலாம்.

எனவே, பழைய கோப்பை எடுத்து இருவரும் சேர்ந்து படியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் எடுங்கள். புரியாத சொற்களைக் குறித்துவைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் பிள்ளையே கேட்கட்டும். பிறகு ஒரே பக்கத்தில் ஒரு சுருக்கம் எழுத வேண்டும்: நோயின் பெயர், எப்போதிலிருந்து, நடந்த அறுவை சிகிச்சைகளும் அவை நடந்த வருடமும், இப்போது எடுக்கும் மருந்துகள், அளவு, ஒவ்வாமை, ரத்த வகை, மருத்துவரின் பெயரும் தொலைபேசி எண்ணும். இதைப் பிள்ளை தன் கையால் எழுத வேண்டும். நீங்கள் அழகாகத் தட்டச்சு செய்து கொடுத்தால் அது பைக்குள்ளேயே கிடக்கும், மனதில் பதியாது. எழுதியதைப் படம் எடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வாமைப் பகுதியில் மருந்தின் பெயரோடு, எடுத்தபோது என்ன ஆனது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். வயிற்றைப் புரட்டியது என்பதும், முகம் வீங்கி மூச்சு முட்டியது என்பதும் மருத்துவருக்கு முற்றிலும் வேறு வேறு செய்திகள்.

மருந்து: பெயர் தெரியணும், காரணம் தெரியணும்

“அந்த வெள்ளை மாத்திரை” என்று சொல்வதை முதலில் மாற்றுங்கள். ஒரு மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். அதோடு இருக்கும் இன்னொரு பெயர்தான் உண்மையான மருந்து, அதன் பக்கத்தில் எத்தனை மில்லிகிராம் என்றும் இருக்கும். கடைக்குக் கடை கம்பெனிப் பெயர் மாறும், மருந்தின் பெயர் மாறாது. ஒரே மருந்தை இரண்டு பெயரில் வாங்கி இரட்டிப்பாக விழுங்காமல் இருக்க இந்தப் பழக்கம் வேண்டும்.

பாராசிட்டமால் இதற்கு நல்ல உதாரணம். உடல்நலமுள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8. எடை குறைந்த பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று என்று மூன்று அட்டையிலிருந்து எடுக்கும் பிள்ளைக்கு, மூன்றிலுமே பாராசிட்டமால் இருக்கலாம் என்பது தெரியாது. அளவு மீறினால் கல்லீரல் கெட்டுவிடும். முதல் நாள் பெரிதாக அறிகுறி எதுவும் காட்டாது என்பதுதான் இதில் பயங்கரம். அளவு மீறியது தெரிந்தால், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைப் பிள்ளைக்கு நேராகவே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு மருந்துக்கும் பிள்ளைக்கு நான்கு விஷயம் தெரிய வேண்டும்: எதற்கு, எப்போது, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது, எந்தப் பக்கவிளைவு வந்தால் கூப்பிட வேண்டும். மறந்த வேளைக்கும் சேர்த்து இரண்டாக விழுங்கக் கூடாது என்பது பெரும்பாலான மருந்துகளுக்குப் பொருந்தும். உங்கள் மருந்துக்கு என்ன விதி என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ பிள்ளையையே கேட்கவையுங்கள். வலிப்பு மருந்தையும், பல வாரங்களாக எடுக்கும் ஸ்டீராய்டையும் திடீரென்று நிறுத்தவே கூடாது. ஆஸ்துமாவுக்கு இரண்டு இன்ஹேலர் கொடுத்திருந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாக இருக்கணும். தினமும் எடுப்பது தடுக்கும் மருந்து. மூச்சுத் திணறும்போது எடுப்பது உடனடி நிவாரணம். தடுப்பு மருந்தால் உடனே எதுவும் தெரியாது என்பதால் பிள்ளைகள் முதலில் கைவிடுவது அதைத்தான். ஏன் எடுக்கிறோம் என்பது புரிந்த பிள்ளை அவ்வளவு சுலபத்தில் கைவிடாது.

“மாத்திரை போட்டியா?” என்று தினமும் கேட்பதால் அநேகமாகப் பயனில்லை. “ம்” என்று ஒரு பதில் வரும், அது உண்மையா என்று தெரியாது. வாரம் ஒருமுறை, “இந்த வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். விட்டுப்போவது சகஜம் என்பது கேள்வியிலேயே இருப்பதால் பிள்ளை பொய் சொல்ல வேண்டியதில்லை. “ரெண்டு” என்று சொன்னால் திட்டாதீர்கள். எந்த வேளை, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். ராத்திரி மாத்திரைதான் விட்டுப்போகிறது என்றால், காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். வார மாத்திரைப் பெட்டி, போன் அலாரம், பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலேயே மருந்து என்று எது சரிப்படுகிறதோ அதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு வாரத்துக்கான மருந்து மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லும் பொறுப்பையும் கொடுத்துவிடுங்கள்.

மருத்துவர் அறையில் வாயைத் திறக்காமல் இருப்பது

பெற்றோருக்கு மிகவும் கடினமான படி இதுதான். என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான்.

மருத்துவருக்குப் பக்கத்து நாற்காலியைப் பிள்ளைக்குக் கொடுங்கள், நீங்கள் பின்னால் உட்காருங்கள். கேள்வி வந்ததும் உங்களுக்கு வாய் துறுதுறுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை யோசிக்கும், தரையைப் பார்க்கும், உங்களைத் திரும்பிப் பார்க்கும். “நீயே சொல்லு” என்று தலையசைத்தால் போதும். பிள்ளை சொன்ன பிறகு ஏதாவது விட்டுப்போயிருந்தால் மட்டும், “ஒண்ணு மட்டும் சேர்த்துக்கலாமா?” என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மருத்துவர் பழக்கதோஷத்தில் உங்களையே பார்த்துப் பேசினால், “அவங்களே சொல்லட்டும் டாக்டர், பழகிட்டிருக்காங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் சந்தோஷமாகவே பிள்ளை பக்கம் திரும்புவார்கள்.

பேசுவதற்கு முன்தயாரிப்பு வேண்டும். போவதற்கு முந்தின நாள் மூன்று வாக்கியம் எழுதவையுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையென்றால் இப்படி: “எனக்கு 6 வயசிலிருந்து ஆஸ்துமா. காலையும் ராத்திரியும் தடுப்பு இன்ஹேலர் எடுக்கிறேன், வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு வேளை மறந்துடுது. இந்த மாசம் ராத்திரி இருமல் வந்து நாலு தடவை முழிச்சேன்.” மருத்துவருக்கு வேண்டிய முக்கியமான தகவல் எல்லாம் இதில் வந்துவிட்டது. “அடிக்கடி”, “கொஞ்சம்” என்ற சொற்களுக்குப் பதிலாக எண்ணிக்கை சொல்லப் பழக்குங்கள். அதோடு மூன்று கேள்வி எழுதிக்கொள்ளட்டும். முக்கியமானதை முதலில் கேட்கணும். எழுந்து கதவருகே போனபின் கேட்கிற கேள்விக்கு அவசரமான பதில்தான் வரும்.

கிளம்பும் முன், “நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க டாக்டர்” என்று சொல்லி, செய்ய வேண்டியதைப் பிள்ளை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். மருத்துவமனை ஊழியர்களுக்கே கற்றுத்தரப்படும் முறை இது. தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

14 வயது வாக்கில் இன்னொரு படி: சந்திப்பின் ஒரு பகுதியில் நீங்கள் வெளியே போய் உட்கார வேண்டும். முதலில் 5 நிமிடம் போதும். பதின்பருவப் பிள்ளைகளிடம் மருத்துவர்கள் தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு: வீட்டில் எப்படி இருக்கிறது, படிப்பு எப்படி, போதைப்பழக்கம், பாலுறவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம். உங்கள் முன்னால் கேட்டால் உண்மை வராது. அறையில் பேசுவது பொதுவாக அங்கேயே இருக்கும். பிள்ளையின் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து, அல்லது பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்கிறார்கள் என்றால் மருத்துவர் மற்றவர்களிடம் சொல்ல வேண்டிவரும். இந்த விதிகளும், எந்த வயதிலிருந்து பிள்ளையே சிகிச்சைக்குச் சம்மதம் தரலாம் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். அதை மருத்துவரிடமே, பிள்ளை அருகில் இருக்கும்போது, வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். வெளியே வந்ததும் “உள்ளே என்ன கேட்டாங்க?” என்று குடையாதீர்கள். ஒருமுறை குடைந்தால் அடுத்த முறை உள்ளேயும் பிள்ளை வாய் திறக்காது.

போன், க்யூ, பில்

இவை சின்ன வேலைகள்தான், ஆனால் யாரும் சொல்லித்தராமல் வராது. அப்பாயின்ட்மென்ட் வாங்க முதல் முறை பிள்ளை போன் பேசும்போது பக்கத்தில் இருங்கள். என்ன சொல்வது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும்: பெயர், வயது, எந்த மருத்துவர், எதற்காக, எந்த நாட்கள் முடியும். அப்புறம் ரத்தப் பரிசோதனைக்குப் போவது, வெறும் வயிற்றில் போகணுமா என்று கேட்டுக்கொள்வது, ரிப்போர்ட் வாங்கிக் கோப்பில் தேதி வரிசையில் வைப்பது, மருந்துச் சீட்டைக் காட்டி மருந்து வாங்கிக் கடையிலேயே சரிபார்ப்பது. காப்பீடு இருந்தால் அட்டை எங்கே, அதில் எது சேரும், எந்த வயதோடு பெற்றோரின் காப்பீட்டிலிருந்து பிள்ளையின் பெயர் நீங்கும் என்பதை 17 வயதுக்குள் சொல்லிவிடுங்கள்.

அவசரம் என்றால் எது அவசரம்

பிள்ளையின் நோய்க்கு எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவில், நிவாரண இன்ஹேலர் எடுத்தும் அடங்காமல், ஒரு முழு வாக்கியம் பேச மூச்சு போதவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸ். சர்க்கரை நோயில் ரத்தச் சர்க்கரை 70-க்குக் (மி.கி./டெசிலிட்டர்) கீழே போனால், வேகமாகச் சேரும் சர்க்கரை 15 கிராம் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் ஏறவில்லையென்றால் திரும்பவும் அதே. மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை நண்பர்களுக்கும் சொல்லிவைக்கணும். தன் நோய் தெரிந்த ஒரு நண்பராவது பக்கத்தில் இருப்பது நல்லது; யாரிடம் சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பூட்டியிருக்கும்போதே போனில் தெரிகிற அவசர மருத்துவத் தகவலையும் நிரப்பிவையுங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அதுவும் அவசரம்தான், மூச்சுத்திணறலைப் போலவே. யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும், சொன்னால் யாரும் திட்டமாட்டார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பேசக் கூச்சப்படும் விஷயம்

சில மருந்துகள் கருவில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், கடுமையான முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் இரண்டும் அப்படி. இவற்றை எடுக்கும் பெண்பிள்ளைக்கு இந்த விஷயம் தெரிந்தே ஆகணும். தெரிந்ததும் பயந்து வால்ப்ரோயேட்டைத் தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உங்களுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருத்துவரிடமோ செவிலியரிடமோ விட்டுவிடுங்கள். யாருமே சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

குழந்தை மருத்துவரை விட்டுப் போகும்போது

குழந்தை மருத்துவப் பிரிவில் வரவில்லையென்றால் கூப்பிட்டுக் கேட்பார்கள், குடும்பத்தோடு பேசுவார்கள். பெரியவர்கள் பிரிவில் நேரம் குறைவு, கேள்வி நேராக நோயாளியிடம்தான் வரும், வராவிட்டால் பெரும்பாலும் யாரும் தேடமாட்டார்கள். இது பிள்ளைக்கு முன்பே தெரிந்திருந்தால் மனம் உடையாது. பழைய மருத்துவரை விட்டாயிற்று, புதியவரை இன்னும் பார்க்கவில்லை என்ற அந்த இடைவெளியில்தான் பலர் சிகிச்சையிலிருந்தே நழுவிவிடுகிறார்கள். அதனால் பழைய மருத்துவரைக் கடைசியாகப் பார்க்கும் நாளில், புதியவரைப் பார்க்கும் தேதியும் சிகிச்சைச் சுருக்கக் கடிதமும் கையில் இருக்க வேண்டும், அதுவரைக்கான மருந்தும் வாங்கியாக வேண்டும். இரண்டு மருத்துவரும் சேர்ந்து ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேளுங்கள். சில மருத்துவமனைகளில் அதற்கு ஏற்பாடு உண்டு. நோய் முற்றியிருக்கும் சமயத்திலோ, பெரிய தேர்வுக்கு நடுவிலோ மாற்றாதீர்கள்.

அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு முழுப் பொறுப்பையும் கொடுக்க முடியாமல் போகலாம். ஆனாலும் எந்தக் கையில் ஊசி போடுவது, முதலில் எந்த மாத்திரை, வலி எங்கே என்று படத்தில் தொட்டுக் காட்டுவது போன்றவை அந்தப் பிள்ளைக்கு உரியவைதான். 18 வயதுக்குப் பிறகு யார் கையெழுத்துப் போடலாம் என்ற சட்ட ஏற்பாட்டை 17-லேயே விசாரித்துவிடுங்கள்.

நடுவில் சறுக்கினால்

சறுக்கும். தேர்வு நேரம், காதல் முறிவு, நோயே அலுத்துப்போவது என்று ஏதாவது வரும். வருடக்கணக்கில் தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு ஒருநாள் வெறுத்துப்போவது இயல்பு. அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். சில வேலைகளைக் கொஞ்ச நாளைக்கு நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது தண்டனையாகத் தெரியக் கூடாது. “இந்த மாசம் மாத்திரைப் பெட்டியை நான் நிரப்புறேன், எடுக்கிறது நீ. பரீட்சை முடிஞ்சதும் மறுபடி உன் வேலை” என்று முடிவுத் தேதியோடு பேசிக்கொள்ளுங்கள். அந்தத் தேதி வந்ததும் சொன்னபடி பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சலிப்பு வாரக்கணக்கில் நீண்டு, தூக்கமும் சாப்பாடும் கெட்டு, நண்பர்களையும் விட்டு ஒதுங்கினால் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குத் தனியாக மருத்துவரைப் பார்க்க வேண்டும், அந்த அப்பாயின்ட்மென்டை நீங்களே வாங்குங்கள்.